காய்ச்சல் நேரத்துப் படம்

என் குரல் கொஞ்சம் கரகரன்னு இருந்தா பொறுத்துக்கோங்க. போன வாரம் எபிசோட் வராததுக்குக் காரணம் டெங்கு. இப்போ பரவாயில்லை. படுத்திருந்தப்போ மனசுல ஓடின கேள்விதான் இன்னைக்கு டாபிக். உடம்பு முடியாதப்போ நாம ஏன் ஏற்கெனவே பார்த்த படத்தையே திரும்பப் போடுறோம்?

என் வாட்ச்லிஸ்ட்ல 30 படம் காத்திருக்கு. லீவும் கிடைச்சிருக்கு. ஆனா நான் போட்டது 'மைக்கேல் மதன காமராஜன்'. 1990ல வந்த படம். சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்‌ஷன், கிரேஸி மோகன் வசனம், கமலுக்கு நாலு வேஷம். எத்தனையாவது தடவைன்னு கணக்கே கிடையாது.

இதுக்கு உடம்புலயே ஒரு காரணம் இருக்கு. கிருமி உள்ள வந்ததும் நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன்னு சில புரதங்களை வெளியிடும். அதோட சேதி மூளைக்கும் போகும்: படு, யார்கிட்டயும் பேசாதே, சக்தியை மிச்சம் பிடி. காய்ச்சல்ல மண்டை மந்தமா இருக்கிறது இதனாலதான். அந்த நேரத்துல புது த்ரில்லர் போட்டா யார் யாருக்கு என்ன உறவு, சாவி யார்கிட்ட இருக்குன்னு எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கணும். தெரிஞ்ச படத்துல அந்த வேலை இல்லை. சாம்பார்ல மீன் விழுறதுக்கு முன்னாடி தூங்கிட்டு, மலை உச்சியில வீடு ஆடுறப்போ முழிச்சாலும் கதை புரியும்.

டெங்குல கண்ணுக்குப் பின்னாடி ஒரு வலி வரும். கண்ணை அசைச்சாலே வலிக்கும். ஸ்கிரீனைப் பார்க்கவே முடியலை. அதனால போனைத் தலையணை பக்கத்துல கவுத்து வச்சுட்டு வசனத்தை மட்டும் கேட்டேன். இப்போ பேசுறது பாலக்காட்டு சமையல்காரர் காமேஸ்வரனா, மெட்ராஸ் பாஷை ராஜுவான்னு குரலை வச்சே தெரிஞ்சுடும். இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. ரேடியோவுல படத்தோட ஒலியை மட்டும் 'ஒலிச்சித்திரம்'னு போடுவாங்க. 1984ல வந்த 'விதி' படத்தோட கோர்ட் வசனம் கேசட்டா டீக்கடைகள்ல ஓடியிருக்கு.

நான் சென்னையில ஷேரிங் ஃப்ளாட்ல இருக்கேன். ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் காலையில போனா ராத்திரிதான் வருவாங்க. ஊர்ல காய்ச்சல்னு படுத்தா, கிச்சன்ல அம்மா பாத்திரம் உருட்டுற சத்தம் கேட்கும், ஹால்ல சீரியல் ஓடும். தூக்கத்துலயும் வீட்டுல ஆள் இருக்குன்னு தெரியும். இங்க அந்த சத்தத்துக்குப் பதிலாத்தான் படம் ஓடிட்டே இருந்துச்சு.

அஞ்சாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா மத்தியானம் பயங்கர வயித்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி. அப்போ அம்மா போன் பண்ணாங்க.

"என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே?"

"காலையில இருந்து போகலைம்மா."

அம்மா உடனே ரூம்மேட்டைக் கூப்பிட்டாங்க. அரைமணி நேரத்துல ஆட்டோ, ஆஸ்பத்திரி. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தினாங்க.

அங்க டாக்டர் சொன்னதை நீங்களும் ஞாபகம் வச்சுக்கோங்க. டெங்குல காய்ச்சல் இறங்கினதும் சரியாயிடுச்சுன்னு நினைப்போம். சிலருக்கு ஆபத்து ஆரம்பிக்கிறதே அதுக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்லதான். ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியும். விடாத வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம், நிலைகொள்ளாத தவிப்பு, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வலிக்குதுன்னு நீங்களா ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போடக் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகலாம்.

தெரிஞ்ச படம் நம்மகிட்ட ஒண்ணும் கேட்காது. படுத்திருக்கிறப்போ அது பெரிய சுகம். ஆனா ஒருத்தராவது கேட்கணும். தனியா இருக்கிற ஃப்ரெண்டுக்குக் காய்ச்சல்னா, 'டேக் கேர்'னு மெசேஜ் போட்டு நிறுத்தாதீங்க. தினமும் ரெண்டு தடவை கூப்பிடுங்க. தண்ணி குடிச்சியா, ஒண்ணுக்குப் போனியா, வயிறு வலிக்குதான்னு கேளுங்க. கூச்சமெல்லாம் பார்க்காதீங்க.

உங்க காய்ச்சல் படம் எதுன்னு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். வீட்டுல தண்ணி தேங்காம பார்த்துக்கோங்க. வரட்டுமா!