கண்ணை மூடினால் தெரியாத முகம்



கணவரை இழந்த தாய் ஒருவர் சாரத்தில் என்னிடம் கேட்டார்: “சாமி, கண்ணை மூடினா அவர் முகமே வரமாட்டேங்குது. போட்டோவைப் பார்த்தாத்தான் தெரியுது. எனக்குப் பாசம் இல்லையோ?”

கண்களை மூடி, நம் தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவை நினைத்துப் பாருங்கள். சிலருக்கு அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் நேரில் காண்பதுபோல் தோன்றும். சிலருக்கு மங்கலாகத் தெரியும். வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் கோயில் எப்படி இருக்கும் என்று சரியாகச் சொல்வார்கள். பிறவியிலேயே மனப்படம் எழாதவர்கள் உண்டு. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் ஆடம் சீமன் குழுவினர் இதற்கு ‘அஃபேன்டேசியா’ என்று பெயரிட்டார்கள். இது நோயல்ல; அன்பின் குறைவும் அல்ல.

அவிலா நகர் புனித தெரேசாவும் தம் வாழ்க்கை வரலாற்றில், மனத்தில் உருவங்களைக் கற்பனை செய்யும் திறன் தமக்கு மிகக் குறைவு என்று எழுதுகிறார். அதனாலேயே திருவுருவப் படங்களை நேசித்தார். அவரைத்தான் 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். செபத்தின் ஆசிரியைக்கே மனப்படம் தேவைப்படவில்லை!

மனப்படம் உள்ளவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1910இல் அமெரிக்காவில் பெர்க்கி என்ற உளவியலாளர், வெற்றுத் திரையைப் பார்த்தபடி வாழைப்பழத்தைக் கற்பனை செய்யச் சொன்னார். அவர்கள் அறியாமல் அத்திரையில் மங்கலான வாழைப்பழப் படத்தைக் காட்டினார். பார்த்தவர்களோ அதைத் தங்கள் கற்பனை என்றே நம்பினார்கள். ‘படுத்த பழத்தை நினைத்தேன், நிமிர்ந்து நிற்கிறதே’ என்று வியந்தவர்களும் உண்டு. எதிரே இருப்பதையே நம் எண்ணமென்று தள்ளிவிட முடியும் என்பதற்கு இது சான்று.

மகதலா மரியாவும் உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் கண்டார்; தோட்டக்காரர் என்றே நினைத்தார். பெயர் சொல்லி அழைத்த குரலில்தான் அடையாளம் கண்டார்.

அந்தத் தாயிடம் கேட்டேன்: “அம்மா, அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?” உடனே சொன்னார், கண்கள் கலங்கின. முகம் வராவிட்டாலும் அழைப்பு மறக்கவில்லை.

அன்பர்களே, செபத்தில் ஆண்டவர் முகம் தெரியவில்லையே என்று கலங்காதீர்கள். அவர் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். நாம் வரைந்துகொண்ட படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, இன்று நம் வாசலில் நிற்பவரை நன்றாகப் பார்ப்போம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.