பெண்பிள்ளைகள் வரையட்டும்

ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, முன்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே!

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நம் ஊர் தாங்குகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த நெரிசலில், கைக்குழந்தையோடு வந்த தாய் ஒருத்தி கழிப்பறை எங்கே என்று செல்போனைக் கேட்கிறாள். அது முதலில் என்ன சொல்லும்? பிரியாணிக் கடையைச் சொல்லும். நட்சத்திரம் போட்டே சொல்லும். நகைக்கடையைச் சொல்லும். குடிதண்ணீர்க் குழாய் எங்கே, எந்தத் தெருவில் ராத்திரி விளக்கு எரியும் என்று கேளுங்கள், பெரும்பாலும் முழிக்கும். வரைபடத்தை வைத்து வியாபாரம் பண்ணுகிறவனுக்குத் தெருவிளக்கால் என்ன வருமானம்?

வரைபடம் பெண்ணை மறப்பது இன்று நேற்றுக் கதையில்லை. 1794-இல் சென்னையில் நில அளவைக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். எட்டே மாணவர்கள், எல்லாரும் பையன்கள். அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. லலிதா, லீலம்மா ஜார்ஜ், திரேசியா என்ற மூன்று பெண்கள் அங்கே படிக்க நுழைந்தது 1940-ஐ ஒட்டித்தான். ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து ஆண்டு! நிலமளக்கும் சங்கிலி பிடித்ததும் கோடு போட்டதும் ஆண்கள். ஆண் எதைத் தேடினானோ அது படத்தில் ஏறியது.

இனி அப்படி இருக்க வேண்டியதில்லை. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தைத் தொடங்கினார். விக்கிப்பீடியாவைப் போல யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தண்ணீர் நின்ற 2,500-க்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்தது இந்தப் படத்தின் மேல்தான்.

அதே 2015-இல் ஆப்பிரிக்காவின் டான்சானியாவில் இதே படத்தின் மேல் கிரவுட்டுமேப் என்ற முயற்சி தொடங்கியது. தாய்மார்கள் மன்னிக்கணும், பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். அங்கே சில பகுதிகளில் சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுக்கும் சடங்கு உண்டு. அதிலிருந்து தப்பி வருகிற சிறுமிகளுக்கு ரோபி சாம்வெலி என்ற அம்மையார் அடைக்கல இல்லம் நடத்துகிறார். ஒரு சிறுமிக்கு ஆபத்து என்று சேதி வரும். ஊர்ப் பெயரும் தெரியும். போகிற பாதைதான் எந்தப் படத்திலும் இராது. அந்தப் பாதைகளை உலகம் முழுக்க இருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைய, உள்ளூர்க்காரர்கள் செல்போனோடு நடந்துபோய் ஊர்ப் பெயர்களைச் சேர்த்தார்கள்.

அது அங்கே நடக்கும் கொடுமை, சரி. இங்கே நடக்கிற குழந்தைத் திருமணம்? குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு பிள்ளை போன் போட்டால், வருகிற அதிகாரிக்கு வழி தெரிய வேண்டாமா? எத்தனையோ கிராமங்களில் ஊர் படத்தில் இருக்கும். ஊருக்கு வெளியே தள்ளி வைத்த குடியிருப்பு பெயரில்லாமல் கிடக்கும். குருவிகுளம் பக்கமிருந்தும் கரிவலம்வந்தநல்லூர் பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளே, அந்தத் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

வேலை கடினமில்லை. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் கூரைகளையும் பாதைகளையும் வரைவது முதல் பாதி. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியோடு தெருவில் நடப்பது மறுபாதி. தார் ரோடா மண் ரோடா, விளக்கு உண்டா என்று அதுவே கேட்கும். நீங்கள் பதில் சொன்னால் போதும். கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள், அது சட்டப்படி கூடாது. இன்னொன்று, உங்கள் திருத்தங்களை உலகமே பார்க்கும். அதனால் சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள்; எது உங்கள் வீடு என்று குறிக்காதீர்கள்; தனியாகப் போகாதீர்கள்.

பொம்பளைப் பிள்ளை கையில் போனா என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. பையன் கையில் எட்டாம் வகுப்பிலேயே இருக்கிறதே அண்ணாச்சி, அப்போது ஏன் கேட்கவில்லை?

தலைமையாசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: சனிக்கிழமை அரைநாள் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் வரைந்த படத்தை அச்சடித்து, விளக்கில்லாத தெருக்களைச் சிவப்பில் காட்டி, மனுவோடு நகராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப்போவது பெரியவர்கள் வேலை. கூட வருகிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள், பெயர் எழுதிக்கொள்கிறோம்.