வீடு விற்பனைக்கு

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வீடு விற்கிற விளம்பரங்களைப் பாருங்கள். 'அருமையான வீடு, அமைதியான சூழல், உடனே அணுகவும்.' எல்லா வீடும் இப்படித்தான்! இதைப் படித்துவிட்டு யார் கிளம்பி வருவார்?

வாங்குகிறவர் தேடுவது வேறு. வாசல் எந்தத் திசை, நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா, தெருவுக்குள் கார் வருமா, மழைக்கு வெள்ளம் நிற்குமா? 'கிணறு உண்டு, சித்திரையிலும் வற்றாது. சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழும்' என்று எழுதிப் பாருங்கள், ஆள் வருவார். ஆனால் அது உண்மையாக இருக்கவேண்டும். வந்ததும் முதலில் மோட்டாரைத்தான் போடச் சொல்வார்!

அளவிலும் ஒரு சங்கதி உண்டு. அடுக்குமாடி விளம்பரத்தில் 1,200 சதுர அடி என்பார்கள். மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் பங்கு போட்டுச் சேர்த்த கணக்கு அது. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவான திட்டங்களில் 'கார்ப்பெட் ஏரியா'வை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பை, சொல்லியாக வேண்டும். வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி, அது பொய் என்று தெரிந்தால், வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். தன் பழைய வீட்டை விற்கிற தனிநபருக்கு இந்தச் சட்டம் வராது. அங்கே நாமேதான் டேப்பைப் பிடித்து அளந்துகொள்ள வேண்டும்.