சாஃப்ட்வேர் செய்யக் கொடுக்கும் முன்





ராஜபாளையம் மில்லானாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையானாலும் கணக்கு நோட்டு கம்ப்யூட்டருக்கு மாறி வருகிறது. வாய்ப்பேச்சிலேயே சாஃப்ட்வேருக்கு முன்பணம் கொடுக்கிறோம், பிறகு மனஸ்தாபம்.

வருமான வரி இணையதளத்தைப் பாருங்கள். ரிட்டன் பரிசீலனைக்கு அப்போது ஆன 63 நாட்களை ஒரே நாளாக்குவது நோக்கமாக இருந்தது. 2019-ல் அமைச்சரவை சுமார் ரூ.4,242 கோடிக்கு ஒப்புதல் தந்தது. வேலை இன்ஃபோசிஸுக்குப் போனது. 2021 ஜூன் 1 முதல் 6 வரை பழைய தளத்தை மூடி, 7-ம் தேதி புதியதைத் திறந்தார்கள். கோளாறுகள் குவிந்தன. ரிட்டன் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது.

அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முதலில் என்னென்ன வேலை, எத்தனை நாள், என்ன தொகை என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை ஒவ்வொரு பகுதியும் முடிந்து, சரிபார்த்த பிறகே கொடுங்கள். நடுவில் புது வேலை சொன்னால் அதற்குத் தனிக்கூலி. செய்பவரின் உழைப்பும் அமானிதமே. இரண்டு மாதம் நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடட்டும்.

அந்த 4,242 கோடி எட்டரை ஆண்டுகளுக்கானது. நாமும் பராமரிப்புச் செலவை முதல் நாளே பேசிவிட வேண்டும். பாஸ்வேர்டும் மூல நிரலும் தகவல் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.