அடி வாங்கிய பிறகு என்ன நடக்கிறது?



பாலைவனத்தின் நடுவில் ஓர் ஆள் நிற்கிறான். உடுத்தத் துணியில்லை, மடியில் காசில்லை, ஒரு கையே இல்லை. பசி வேறு. ஒரு வீடியோ கேம் இப்படித் தொடங்கினால் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்கியிருக்கிறார்கள், லட்சக்கணக்கில். அந்த விளையாட்டின் பெயர் கென்ஷி. நான் சொன்னது அதில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் தொடக்கங்களிலேயே கொடியது. ஒரு நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிளம்பும் தொடக்கமும் உண்டு. கொஞ்சம் இரக்கம் வேண்டுமென்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிறிஸ் ஹன்ட் என்பவர் இதைத் தனி ஆளாகச் செய்யத் தொடங்கினார். வயிற்றுப்பாட்டுக்குப் பகுதிநேர செக்யூரிட்டி வேலை. மற்ற நேரமெல்லாம் கணினி முன்னால். 2013இல், பாதி முடிந்த நிலையிலேயே, ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வைத்தார். அந்த வருமானத்தில் சிலரைச் சேர்த்துக்கொண்டு, லோ-ஃபை கேம்ஸ் என்ற தன் சிறு நிறுவனத்தின் பெயரில் 2018 டிசம்பரில் முடித்தார். மொத்தம் சுமார் 12 ஆண்டு உழைப்பு. இப்போது அதே நிறுவனம் கென்ஷி 2 செய்துகொண்டிருக்கிறது. முதல் பாகத்துக்கு 1000 ஆண்டு முந்தைய காலம்தான் கதைக்களம்.

அடுத்த பாகம் வருகிறது என்றதும் விளையாடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? யோசனை சொல்வார்கள். குதிரை வேண்டும், கப்பல் வேண்டும், துப்பாக்கி வேண்டும், நண்பனோடு சேர்ந்து ஆட வழி வேண்டும், கல்யாணம் வேண்டும், பிள்ளைகுட்டி வேண்டும். எனக்கும் சில யோசனைகள் உண்டு. அவற்றைச் சொல்வதற்கு முன்னால், இந்த விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்காக அது எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம்.

இதில் நாயகன் என்று ஒருவன் கிடையாது. உலகத்தைக் காக்கப் பிறந்தவன், தீர்க்கதரிசனம், ரகசியப் பிறப்பு எதுவும் இல்லை. ஒருவனாகத் தொடங்குகிறீர்கள். மதுக்கடையில் நாலு பேரைப் பார்த்துப் பேசி, காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறீர்கள். அதுதான் உங்கள் குழு. எல்லாரையும் மேலிருந்து பார்த்து நீங்களே நடத்துகிறீர்கள். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் உலகமே அசையாமல் நிற்கும். யோசித்து உத்தரவு கொடுத்துவிட்டு மறுபடி ஓடவிடலாம். வரைபடம் 870 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்கிறார்கள் தயாரித்தவர்கள். அதற்குள் பாலைவனம், சதுப்பு நிலம், அமில மழை பெய்யும் பகுதி, மனிதனைத் தின்னும் கூட்டம் திரியும் வடக்கு. பெண்களை அடக்கி, இயந்திர மனிதர்களைப் பிசாசு என்று வெறுக்கும் ஒரு மதராஜ்யம். அடிமை வியாபாரத்தில் கொழுத்த பிரபுக்களின் நகரங்கள். கொம்பு முளைத்த ஷெக் என்ற போர்க்குடி. உங்கள் வேலை என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள். வியாபாரம் செய்யலாம், திருடலாம், சொந்தமாக ஊர் கட்டிக் கோதுமை விளைவிக்கலாம், ராஜ்யத்தையே கவிழ்க்கலாம்.

இந்த விளையாட்டின் உயிர்நாடி ஒன்று இருக்கிறது. அடி வாங்கினால்தான் உடம்பு தேறும். மற்ற விளையாட்டுகள் பலவற்றில் எதிரியைக் கொன்றால் புள்ளி கிடைக்கும், புள்ளியைக் கொடுத்து எந்தத் திறமையையும் வாங்கலாம். கென்ஷியில் எதைச் செய்கிறீர்களோ அதுதான் வளரும். பூட்டைத் திறக்கத் திறக்கப் பூட்டுத் திறக்கும் கை வரும். பாரம் தூக்கத் தூக்கப் பலம் கூடும். உதை வாங்க வாங்க, தாங்கும் சக்தி ஏறும். விழுந்து கிடக்கும்போது செத்தவன் போல நடிக்கலாம். எதிரி அருகில் நிற்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தால் இன்னும் உரம் ஏறும்.

அதைவிட முக்கியமான ஒன்று: தோற்றால் விளையாட்டு முடிவதில்லை. கொள்ளைக்காரர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பட்டினிக் கொள்ளையர் என்றால் உணவை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அடிமை வியாபாரிகள் இன்னும் விசித்திரம். உங்கள் காயத்துக்கு அவர்களே கட்டுப் போடுவார்கள். பிறகு விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள். சரக்கு கெட்டுவிடக் கூடாதே! விலங்கோடு இருந்தே இரவில் பூட்டுத் திறந்து பழகி, ஒளிந்து நடக்கப் பழகி, தேறிய ஆளாக வெளியே வரும் கைதிகள் உண்டு. கை போனால் இயந்திரக் கை வாங்கிப் பொருத்தலாம். நல்லதாகக் கிடைத்தால் பழைய கையைவிட அது மேல்.

ஆகவே, ஒரு யோசனை நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். அடி வாங்கிய பிறகு நடப்பதில் அது எதையாவது சேர்க்கிறதா? சேர்த்தால் வரட்டும். இல்லாவிட்டால் அது வெறும் பொம்மை.

இந்தக் கேள்வியில் குதிரை அடிபட்டுப் போகிறது. குதிரை வந்தால் தப்பித்து ஓடிவிடலாம். கென்ஷியில் நடப்பதெல்லாம் நடைப் பயணத்தில்தான் நடக்கிறது; ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவில், பாரம் சுமந்து, நொண்டிக்கொண்டு போகும்போது. அந்தத் தூரத்தைச் சுருக்கினால் கதையையே சுருக்கினதாகும். சுமை தூக்கும் மிருகங்கள் இப்போதே இருக்கின்றன. அவை போதும். நண்பனோடு சேர்ந்து ஆடும் ஆசை நியாயமானதுதான். ஆனால் நீங்கள் யோசிக்க உலகத்தை நிறுத்தினால் அந்த நண்பர் என்ன செய்வார்? அவர் வயல் விளைய நேரத்தை வேகமாக ஓட்டினால் உங்கள் சண்டை என்னாவது? கல்யாணமும் குழந்தையும் கேட்பவர்கள், அடிமை வியாபாரியும் நரமாமிசக் கூட்டமும் உலவும் உலகம் இது என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும். எனக்கு அந்தக் காட்சி வேண்டாம்.

சரி, என்னதான் வேண்டும்?

முதலில் வேண்டியது, குழுவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது. இப்போது ஒருவன் விழுந்தால் இன்னொருவன் அவனைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு, அரை நாள் தூரம் நடந்து, கட்டிலில் கிடத்துகிறான். பார்க்கும் நமக்கு நெஞ்சு நிறைகிறது. தூக்கியவனுக்கோ, கிடந்தவனுக்கோ அதைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. போகிறபோக்கில் இரண்டு வரி பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நட்பும் பகையும் முழுக்க நம் கற்பனையில் ஓடுகின்றன. மோங்ரல் என்ற ஊரில் பீப் என்று ஒரு அப்பாவி சேர வருவான். எப்போதும் தன் பெயரையே சொல்லிக்கொண்டு, மாபெரும் வீரனாகப் போகிறேன் என்பான். அவனுக்காகக் கண்ணீர் விட்ட ரசிகர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவன் செத்தால் குழுவில் ஒருவருக்குக்கூடச் சோறு இறங்காமல் போவதில்லை.

இது செய்ய முடியாத காரியமல்ல. 1999இல் வந்த ஜாக்டு அலையன்ஸ் 2 விளையாட்டில் கூலிப்படை வீரர்களுக்குள் விருப்பு வெறுப்பு இருந்தது. தனக்கு ஆகாதவன் உங்கள் படையில் இருந்தால், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். துருக்கியின் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி 2008இல் வெளிவந்த மவுன்ட் அண்ட் பிளேடில், உங்கள் தளபதிகள் தனியாக வந்து, அந்த ஆளோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை என்று முறையிடுவார்கள்; கவனிக்காமல் விட்டால் கிளம்பியே போய்விடுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளைக் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர்களுக்கு அந்தச் சங்கடம் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த இரண்டு விளையாட்டிலும் யாருக்கு யார் ஆகாது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நான் கேட்பது, நடந்ததிலிருந்து முளைக்கும் உறவு. தூக்கிச் சுமந்தவனிடம் நன்றி. விட்டுவிட்டு ஓடியவனிடம் கசப்பு. ஒரே சிறையில் கிடந்தவர்களுக்கு மட்டும் புரியும் ஒரு நெருக்கம்.

இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். ஆட்களைக் குறைக்க வேண்டும். கென்ஷியில் சாதாரணமாக 30 பேர் வரை சேர்க்கலாம். விளையாட்டை மாற்ற ரசிகர்களே செய்து சேர்க்கும் மோட் ஒன்றைப் போட்டால் 256 வரை போகும். 30 பேர் என்றால் இருவர் இருவராக 435 உறவுகள். 256 பேர் என்றால் 32,640. கணினி கணக்குப் போட்டுவிடும். மனித மனம் தாங்காது. 12 பேர் என்றால் 66. அத்தனையையும் நினைவில் வைக்க முடியாவிட்டாலும், முக்கியமானவை தானாகவே தெரிந்துவிடும். பெரும்படை வேண்டும் என்பவர்கள் என்மேல் கோபப்படுவார்கள். படட்டும்.

அடுத்தது எதிரியின் நினைவு. இப்போதைய கென்ஷியில் நினைவு மேல்மட்டத்தில் இருக்கிறது. மதராஜ்யத்தின் தலைவனான ஃபீனிக்ஸைப் பிடித்துவிட்டால், அவன் ஆண்ட ஊர்கள் சில கைமாறுகின்றன. வேறு கொடி பறக்கிறது, வேறு காவலர் நிற்கிறார்கள். பிரமாதமான ஏற்பாடு. ஆனால் அடிமட்டத்தில் எல்லாருக்கும் மறதி. உங்கள் தலைக்கு விலை வைப்பார்கள். உங்களைக் கட்டி இழுத்துப்போன அந்த ஒரு காவலனுக்கு மட்டும் உங்கள் முகம் தெரியாது.

2014இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோர் இதைச் செய்து காட்டியது. உங்களைக் கொன்ற ஓர்க் என்ற அரக்கன் பதவி உயர்வு பெற்று, அடுத்தமுறை பார்க்கும்போது சொல்லிக் காட்டுவான். நீங்கள் நெருப்பில் தள்ளியவன் தழும்போடு திரும்பி வருவான். அந்த ஏற்பாட்டுக்கு வார்னர் பிரதர்ஸ் 2021இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டது. அதை உருவாக்கிய மோனோலித் ஸ்டுடியோவை 2025இல் மூடியும் விட்டது. அதை அப்படியே நகலெடுக்க வேண்டாம், முடியவும் முடியாது. பகைவனுக்கு ஞாபகம் இருப்பது மனித குலத்தின் பழைய சொத்து. அதை வேறு வழியில் செய்ய எத்தனையோ இடம் இருக்கிறது. நான் விரும்புவது பெரிய தளபதிகளைக்கூட அல்ல. உங்களிடம் ரொட்டியைப் பிடுங்கித் தின்ற பட்டினிக் கொள்ளையன் ஒருவன், மூன்று வருஷம் கழித்து உங்கள் ஊர் வாசலில் வேலை கேட்டு வந்து நிற்க வேண்டும். சேர்ப்பதா, விரட்டுவதா? அந்த முடிவு எந்தப் பெரிய யுத்தத்தையும்விட எனக்குச் சுவையானது.

மூன்றாவது, பசி. உங்கள் ஆட்களுக்குப் பசிக்கிறது. ஊருக்குப் பசிப்பதில்லை. ஒரு நகரத்துக்குப் போகும் வணிகக் கூட்டத்தை நீங்கள் முழுவதும் கொள்ளையடித்தாலும், கடைக்காரன் அலமாரி கொஞ்ச நாளில் தானாக நிரம்பிவிடும். அது நிரம்பக் கூடாது. தானியம் வரவில்லை என்றால் விலை ஏற வேண்டும். பிறகு சந்தையில் சண்டை வர வேண்டும், பிறகு காவலர்கள் பாதிப்பேர் வேலையை விட்டு ஓட வேண்டும். கத்தியே எடுக்காமல், பாதையை மட்டும் மறித்து ஒரு நகரத்தைச் சாய்க்க முடியும் என்று ஆகும். அதே சமயம் அந்த நகரத்தின் கடைசி வீட்டில் இருப்பவனும் பட்டினி கிடப்பான். அவன்தான் நாளைய கொள்ளைக்காரன்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள். உங்கள் குழு இருக்கும் பகுதியைத்தான் கணினி முழுசாக ஓட்டுகிறது. தொலைவில் உள்ளவை கணக்காக மட்டும் இருக்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் பஞ்சத்துக்குக் கணக்கு போதுமே. தொலைதூர ஊரில் ஒவ்வோர் ஆளும் நடந்து திரியத் தேவையில்லை, தானிய இருப்பு என்று ஓர் எண் இருந்தால் சரி.

இதையெல்லாம் ரசிகர்களே மோட் ஆகச் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். கென்ஷியோடு தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய கருவியையே கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துப் புது ஆயுதம், புது ஊர், புது இனம், புது வசனம் எல்லாம் ரசிகர்கள் குவித்துவிட்டார்கள். அந்தக் கருவி தரவை மாற்றும். உள்ளே ஓடும் எந்திரத்தை மாற்றாது. உறவும் நினைவும் பஞ்சமும் எந்திரத்தின் சமாச்சாரம். ஆகவே புது வாள் கேட்பதை ரசிகர்களிடம் கேளுங்கள். தயாரிப்பவரிடம் கேட்க வேண்டியது வேறு.

சின்னச் சின்னதாகவும் சில. இப்போது கென்ஷியில் யாருக்கும் தூக்கம் தேவையில்லை. கட்டில் காயம் ஆற மட்டும்தான். இரவுக் காவலுக்கு முறை போட வேண்டிய நிலை வரட்டும். சமையல்காரன் அடுப்பை விட்டுவிட்டுக் கோதுமை எடுக்கக் கொள்ளையர் நடுவே ஓடாமல் இருக்கட்டும். இது யோசனை அல்ல, கெஞ்சல்.

கடைசியாக, ஆட்டத்தைச் சேமித்து வைக்கும், அதாவது சேவ் செய்யும் விஷயம். தோற்றதும் பழைய சேவ் ஒன்றைத் திறந்து, நடக்காததுபோல ஆக்கிவிடும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. பசி எவ்வளவு வேகமாக எடுக்க வேண்டும், கை கால் எவ்வளவு எளிதில் போக வேண்டும், சாவு எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பதை எல்லாம் கென்ஷியில் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையில் இன்னொரு பட்டன் வேண்டும்: ஒரே ஒரு சேவ், விளையாட்டே தானாக எழுதிக்கொள்வது, திரும்பிப்போக வழியில்லாதது. எல்லார் மேலும் திணிக்கச் சொல்லவில்லை. வேண்டியவர்கள் அழுத்தட்டும். அழுத்தியவர்களுக்கு, முதல் இரவிலேயே ஒரு கால் போய், மிச்சமிருக்கும் காலோடு மறுநாள் காலை நகர வேண்டியிருக்கும். அடுத்த ஊருக்கு எப்படிப் போவது என்று அப்போதுதான் உண்மையாக யோசிப்பார்கள்.