நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை



பழந்தமிழ் நூலான பத்துப்பாட்டுக்கு ஏட்டுச் சுவடி தேடிப் பதிப்பாசிரியர் உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலிக்கு வந்தார். தெற்குப் புதுத் தெருவில் கவிராஜர் வீட்டுச் சுவடி அறையைப் பார்த்து அவர் அடைந்த வியப்பு அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் பதிவாகியிருக்கிறது. தூசியில்லை, பூச்சியில்லை, ஒரு கட்டின் ஏடு இன்னொரு கட்டில் கலக்கவில்லை. தேடி வந்தவருக்குக் கேட்டதை எடுத்துக் காட்டவும் முடிந்தது. நூலகர் கலை என்பது அடிப்படையில் இதுதான். நம் திருநெல்வேலி அதில் தேர்ந்த ஊர்.

அந்தக் கலையைப் பலருக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று காட்டியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வந்தன. 1948-இல் பொது நூலகச் சட்டமும் வந்துவிட்டது. அதன்படி இன்று நீங்கள் கட்டும் சொத்து வரியில் 100 ரூபாய்க்கு 10 ரூபாய் நூலக வரி சேர்கிறது. ஆகவே உங்கள் ஊர் நூலகம் உங்கள் பணத்தில் நடப்பது.

ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் நூலகரை யார் கவனிக்கிறோம்? பல ஊர்ப்புற நூலகங்களில் ஒரே ஆள்தான். கதவைத் திறப்பதும், நாளிதழைப் பதிவதும், புத்தகம் கொடுத்து வாங்குவதும் அவரே. ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆளில்லை. அப்படி என்ன சந்தேகம் வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லையில் தாமிரபரணி வெள்ளம் கொக்கிரகுளத்திலும் சந்திப்புப் பகுதியிலும் புகுந்தது. நனைந்த புத்தகத்தைக் கண்டதும் நாம் என்ன செய்வோம்? பக்கங்களைப் பிரித்து மொட்டை மாடி வெயிலில் போடுவோம். அது தவறு. ஊறிய தாளைப் பிரித்தால் கிழியும். சுள்ளென்ற வெயில் பட்டால் அட்டை வளைந்து, தாள் மொறமொறத்துப் போகும். நிழலில், மின்விசிறிக் காற்றில், நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத்தாளை வைத்து, ஈரம் ஏற ஏற அதை மாற்ற வேண்டும். வழவழப்பான தாளில் அச்சான படப்புத்தகத்தை முதலில் கவனிக்க வேண்டும். மூடியபடி காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. இரண்டு நாளில் பூஞ்சை வரத் தொடங்கிவிடும் என்பதால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. 1966-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரிலுள்ள தேசிய நூலகத்தில் ஆற்று வெள்ளம் புகுந்தபோது உலகெங்கிலுமிருந்து ஆட்கள் ஓடிவந்து, சேற்றில் நின்று புத்தகங்களை மீட்டார்கள். வெள்ளத்தில் நனைந்த நூலைக் காக்கும் முறைகள் அந்த அனுபவத்தால் பெரிதும் வளர்ந்தன.

இந்த அறிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. அதுதான் என் வருத்தம். தமிழ்நாட்டுப் பொது நூலகத்துறையின் முதல் இயக்குநர் வே.தில்லைநாயகம் நூலகத்துறை பற்றித் தமிழிலேயே தொடர்ந்து எழுதினார். அந்த வழியில் இன்னும் நிறையப் பேர் நடந்திருக்க வேண்டும்.

வெள்ளக் காலத்துக்கு மட்டுமல்ல, அன்றாட வேலைக்கும் நூலகருக்குத் தொழில் அறிவு தேவை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதோடு 1 சேர்ந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதை. புதுமைப்பித்தனும் வண்ணதாசனும் வண்ணநிலவனும் அந்தக் கடைசி எண்ணில் வந்து நெருக்குவார்கள். அவர்களைப் பிரித்து அடுக்க எண் மட்டும் போதாது, படித்த நூலகர் வேண்டும். பழைய நூல் கேட்டு வரும் மாணவியிடம் “இங்கே இல்லை” என்று சொல்லி அனுப்பாமல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையோ, ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் இணையத்தளத்தையோ காட்டத் தெரிந்தவரே நல்ல நூலகர்.

நெல்லையில் காயிதே மில்லத் பெயரில் பெரிய நூலகம் வரவிருக்கிறது. மிக நல்ல செய்தி. ஆனால் கட்டடத்துக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு நூலகரின் படிப்புக்கும் போக வேண்டும். நூலக வாசகர் வட்டத்தில் இருக்கும் நேயர்களே, அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: நூலகருக்கான தமிழ்க் கையேடுகள் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இருக்க வேண்டும், பக்கத்து ஊர் நூலகர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச வழி செய்ய வேண்டும். தீர்மானத்தை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பிவையுங்கள்.