குரல் கொடை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பார்சல் அலுவலகத்தில் பேரேடும் கையுமாய்க் காலங்கழிக்கும் எங்களுக்குக் கணிப்பொறி ஆராய்ச்சியில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். வேலை இருக்கிறது.

மனிதர் பேச்சைக் கணிப்பொறி எழுத்தாக்க வேண்டுமாயின், பலர் பேசிய ஒலிப்பதிவும் அதற்கு நேரான எழுத்தும் அதற்குப் பாடமாக வேண்டும். இதற்கென மொசில்லா நிறுவனம் 2017ஆம் ஆண்டில் 'காமன் வாய்ஸ்' என்னும் பொதுக்குரல் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் நிரலும் திறந்தது. அதிற் சேர்ந்த குரல்களும் யாவர்க்கும் பொது. தமிழும் அதில் உண்டு. ஒருவர் வாசித்த வாக்கியத்தைப் பிறர் கேட்டு, எழுத்துடன் ஒத்திருந்தால் மட்டுமே ஏற்பர்.

அவ்வழியைப் பின்பற்றி, இக்காலனித் தமிழர் குரல்களைத் தொகுத்து, திறந்த ஆராய்ச்சி மென்பொருள் ஒன்றிற் சேர்க்க நம் சங்கம் முனைந்தது. தலைமுறைகளாக இங்கு வாழும் நம் பேச்சில் இந்திச் சொற்கள் பல கலந்துள்ளன. அப்பேச்சு பாடத்தில் இல்லையேல், பொறிக்கு நாம் அந்நியரே.

சென்ற ஆண்டு அனுப்பிய தொகுப்பு திரும்பி வந்தது. காரணம் நியாயமானதே. பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு ஒரு பகுதி எனப் பிரிக்கையில், ஒரே அன்பரின் குரலை இரண்டிலும் வைத்துவிட்டோம். வினாத்தாளை முன்னரே காட்டித் தேர்வு நடத்தியது போலாயிற்று! பின்னர்ப் பேசியவர் வாரியாகப் பிரித்தோம்; ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தையும் பேசியவரின் வயதையும் பட்டியலிட்டோம். வே பில் இல்லாத மூட்டை ஊர் போய்ச் சேராது என்பதை நாங்கள் அறியோமா?

ஆயினும் இன்னும் அனுப்பவில்லை. குரல் தந்த மூதாட்டி ஒருவர் இவ்வாண்டு காலமானார். "அம்மாவின் குரலை இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?" என்று அவர் மகன் கேட்டார். பொதுவில் வெளியிட்ட பின், எடுத்துச் சென்றவரிடமிருந்து மீட்க இயலாது. நாங்கள் பெற்ற கையொப்பமோ ஒலிப்பதிவுக்கே அன்றி வெளியீட்டுக்கு அன்று. குறை எங்களுடையது. அம்மையாரின் பதிவுகளை நீக்கி, மகனிடமே ஒப்படைத்தோம். மற்றவர் இல்லந்தோறும் சென்று, யாவற்றையும் விளக்கிப் புதிதாகச் சம்மதம் பெற்று வருகின்றோம். மறுப்பவர்பால் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை.

அன்பர்களே, வாயிலருகே மேசையில் படிவங்கள் உள்ளன. முழுதும் படித்து, வீட்டாருடன் கலந்து பேசி, மனம் இசைந்தால் கையொப்பமிடுக.

வாழ்க தமிழ்!